ரைன்ல கப்பலா, கரையில ரயிலா?

லீவு நெருங்கிட்டா ஸ்டாஃப் ரூம்ல யாராச்சும் ஒருத்தர் யூரோப் ட்ரிப் பத்தி ஆரம்பிச்சிடறாங்க. முன்னாடியெல்லாம் விசா கிடைக்குமா, குளிர் எப்படி இருக்கும்னு கேப்பாங்க, இப்போ புதுசா "ரயில்ல சுத்துறது நல்லதா, அந்த ஆத்துக் கப்பல்ல போறது நல்லதா டீச்சர்?"னு கேக்குறாங்க. எல்லாம் யூட்யூப் பண்ற வேலை. நீளமா வெள்ளையா ஒரு கப்பல், ரெண்டு பக்கமும் மலை மேல கோட்டை, சரிவு பூரா திராட்சைத் தோட்டம், மேல்தளத்துல சாய்ஞ்சு படுத்துக்கிட்டு ஜூஸ் குடிக்கிற வயசானவங்க. பாக்க நல்லாத்தான் இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி எனக்கு வாய் வலிக்குது, அதனால எனக்குத் தெரிஞ்சத எல்லாம் இங்கயே கொட்டிடறேன், இனிமே கேக்குறவங்களுக்கு லிங்க் அனுப்பிட்டு நான் பாட்டுக்கு பேப்பர் திருத்தப் போயிடுவேன்.

எங்க குடும்பத்துல ரெண்டும் நடந்திருக்கு. காவேரிப்பட்டணத்து சித்தப்பாவும் சித்தியும் 2022 ஆகஸ்ட்ல கப்பல்ல போனாங்க, நெதர்லாந்துல வேலை பாக்குற தம்பி அவங்களுக்காக புக் பண்ணிக் கொடுத்தான். நானும் வீட்டுக்காரரும் 2024 மே மாசம் ரயில்ல போனோம். ரெண்டு கோஷ்டியும் பாத்தது பெரும்பாலும் ஒரே ஆறு, ஸ்விஸ்ல இருந்து ஜெர்மனி வழியா நெதர்லாந்து போற ரைன். அதனாலதான் இதப் பத்திப் பேச எனக்குக் கொஞ்சம் தைரியம் வருது. டான்யூப் பத்தி, ஃப்ரான்ஸ் ஆறுகள் பத்தியெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க.

இதுல இன்னொரு வேடிக்கை, ரயில் பத்தி எழுதுற நான் இருக்குறது கிருஷ்ணகிரி. மாவட்டத் தலைநகர்னு பேரு, ஆனா ஸ்டேஷன் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்துல திருப்பத்தூர்ல இருந்து இங்க ஒரு சின்ன ரயில் லைன் வந்துச்சு, ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அதையும் மூடிட்டாங்க. ரயில் ஏறணும்னா பஸ் பிடிச்சு ஜோலார்பேட்டையோ தர்மபுரியோ ஓசூரோ போகணும். அதனால வீட்டுக்காரருக்கு ரயில்னாலே ஒரு ஏக்கம் உண்டு, ஜன்னல் சீட் கிடைச்சா சின்னப் பையனா ஆயிடுவார்.

சரி, ஆத்துக் கப்பல்னா என்னன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் கடல்ல போற பெரிய கப்பலைப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. இதுல பெரிய நீச்சல் குளம், தியேட்டர், ஆயிரக்கணக்குல கூட்டம்லாம் கிடையாது. பெரும்பாலும் 135 மீட்டர் வரைக்கும் நீளம், அகலம் பாத்தா பதினொன்றரை மீட்டருக்கும் கம்மி, 190 பேர் அளவுக்குத்தான் தங்க முடியும். இந்த அகலம் சும்மா வெச்சது இல்ல. ரைன்ல வந்து சேர்ற மைன் ஆத்துலயும், மைனையும் டான்யூபையும் சேக்குற கால்வாய்லயும் இருக்குற லாக்குங்க 12 மீட்டர்தான், அதுக்குள்ள நுழையணும்னா கப்பல் இந்த அகலத்துக்கு மேல போகக்கூடாது. லாக்னா ஆத்துக்கு நடுவுல தொட்டி கட்டி, தண்ணிய ஏத்தி இறக்கி கப்பலை ஒரு மட்டத்துல இருந்து இன்னொரு மட்டத்துக்குக் கொண்டு போறது. அந்தக் கால்வாய் 1992லதான் முடிஞ்சுது, 171 கிலோமீட்டர், நடுவுல கடல் மட்டத்துக்கு மேல 406 மீட்டர் உயரம் வரைக்கும் போய் இறங்குது. கப்பல் மலை ஏறுதுன்னு பசங்ககிட்ட க்ளாஸ்ல சொன்னப்போ ஒருத்தனும் நம்பல.

சித்தப்பாவோட கப்பல் ஸ்விஸ்ல உள்ள பாசல்ல கிளம்பி ஆம்ஸ்டர்டாம் வரைக்கும். ப்ரோஷர்ல அட்டைப் படம் கோட்டையும் தோட்டமுமாத்தான் இருந்துச்சு, ஆனா அந்தக் கோட்டையெல்லாம் நடுவுல ஒரு துண்டுலதான் இருக்கு. பாசல்ல இருந்து வடக்க இஃபெட்ஸ்ஹைம் வரைக்கும் வரிசையா பத்து அணை, பத்து லாக். அதுல பாதி தூரம் கப்பல் போறது கான்கிரீட் கரை போட்ட கால்வாய்ல. சித்திக்கு கீழ்த்தளத்துல கேபின், ஜன்னல் மேல உச்சியில சின்னதா, திறக்க முடியாது. ராத்திரி தூக்கத்துல திடீர்னு ரூம் இன்னும் இருட்டாச்சுன்னு எந்திரிச்சு கட்டில் மேல ஏறி நின்னு பாத்தா, கைக்கு எட்டுற தூரத்துல ஈரமா பாசி படிஞ்ச ஒரு செவுரு, அது மெதுவா மேல மேல போகுதாம். சித்தி பயந்து போயி சித்தப்பாவ எழுப்பி "ஏங்க, கப்பல் முழுகுதுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. சித்தப்பா எந்திரிக்கவே இல்ல, "முழுகுனா மணி அடிப்பாங்க, படு"ன்னுட்டாராம். லாக்குல தண்ணி இறங்குது, அவ்வளவுதான். இப்பவும் வீட்டுக்கு யார் வந்தாலும் சித்தி இந்தக் கதைய எடுத்துடுவாங்க.

அடுத்ததுதான் முக்கியம். நம்ம பக்கம் ஆடி மாசம் ஆனா எல்லாரும் பேப்பர்ல முதல்ல தேடுறது பிலிகுண்டுலுல விநாடிக்கு எத்தனை ஆயிரம் கனஅடி வருதுன்னுதான், அது ஏறிடுச்சுன்னா ஒகேனக்கல்ல பரிசலுக்குத் தடை, அருவியில குளிக்கத் தடை, பெங்களூர்ல இருந்து கார் எடுத்துட்டு வந்தவங்க மீன் வறுவல் தின்னுட்டு திரும்பிப் போக வேண்டியதுதான். ரைன்ல அந்த பிலிகுண்டுலு வேலைய கௌப்னு ஒரு குட்டி ஊர் பாக்குது. அங்க உள்ள அளவுகோல்ல எத்தனை சென்டிமீட்டர்னு பாத்துத்தான் சரக்குக் கப்பல்காரங்க எவ்வளவு பாரம் ஏத்தலாம்னு முடிவு பண்றாங்க. அது ஆத்தோட ஆழம் இல்ல, கப்பல் போற தடம் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல ஆழமா இருக்கும், ஆனாலும் எண் இறங்க இறங்க ஆபத்துதான். 2018 அக்டோபர்ல அது 25 சென்டிமீட்டர் வரைக்கும் போச்சு. 2022 ஆகஸ்ட்ல 30ஐ ஒட்டி வந்து நின்னுச்சு. சித்தப்பா போன மாசம் எதுன்னு மேல போய் ஒரு தடவ பாத்துக்குங்க.

கோட்டைங்க இருக்குற பள்ளத்தாக்கு வர்றதுக்கு முன்னாடியே கப்பல நிறுத்திட்டாங்க. காலைல டிபன் முடிச்சதும் எல்லாரையும் பஸ்ல ஏத்தி, கீழ இன்னொரு ஊர்ல அதே கம்பெனியோட வேற கப்பல் நிக்கும், அதுல இருக்குறவங்க இங்க வருவாங்க, இவங்க அங்க போவாங்க. அதே கேபின் நம்பர், பெட்டியெல்லாம் தானா வந்து சேந்துடுச்சு, அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா பஸ் போனது மேட்டு மேல உள்ள ஹைவேயில, ஆறு கண்ணுலயே படல, கோதுமை வயலும் காத்தாலையும்தான். எந்தத் துண்டுக்காக அவ்வளவு காசு கட்டினாங்களோ அந்தத் துண்ட பாக்கவே இல்ல. காசு திரும்பக் கிடைச்சுதான்னு கேட்டேன், தண்ணி கூடினாலும் குறைஞ்சாலும் பாதைய மாத்துவோம்னு ஷரத்துலயே இருக்காம். எவ்வளவு கட்டினான்னு தம்பி இன்னைக்கு வரைக்கும் வாயத் திறக்கல.

தண்ணி அதிகமானாலும் இதே கதைதான், பாலத்துக்கு அடியில கப்பல் நுழையாது. 2024 ஜூன் ஆரம்பத்துல டான்யூப்ல வெள்ளம் வந்து பாசாவ் ஊர்ல கிட்டத்தட்ட 10 மீட்டர் வரைக்கும் ஏறிடுச்சு, கப்பல் போக்குவரத்து நின்னு போச்சு. எந்த மாசம் போனா சேஃப்னு கேட்டா, வசந்த காலத்துலயும் ஜூன்லயும் தண்ணி ஏறுற பயம், ஆகஸ்ட் செப்டம்பர் அக்டோபர்ல குறையுற பயம், நீங்களே பாத்துக்குங்க.

இப்போ ரயில். நாங்க ஜெர்மனியில கோல்ன்ல (இங்கிலீஷ்ல Cologne) இருந்து மைன்ஸ் வரைக்கும் போனது ரைன் கரை ஓரமாவே. இங்க ஒரு விஷயம் கவனிக்கணும். ஆப்ல கோல்ன் டு ஃப்ராங்க்ஃபர்ட்னு போட்டீங்கன்னா அது முதல்ல காட்டுறது ஐசிஇங்குற வேக ரயில், 2002ல திறந்த புது லைன், 300 கிலோமீட்டர் வேகத்துல ஒரு மணி நேரத்துல கொண்டு போய் விட்டுடும், ஆத்தோட சம்பந்தமே இல்லாம மேட்டுலயும் சுரங்கத்துலயும் போகும். வேகம் கம்மியா, கோப்லென்ஸ், பிங்கன் வழியா போற வண்டிய தேடிப் பிடிக்கணும். கோப்லென்ஸ்ல இருந்து தெக்கால போறப்போ இடது பக்க ஜன்னல், திரும்பி வர்றப்போ வலது பக்கம். இது தெரியாம எதிர்ப்பக்கம் உக்காந்தா ஒன்றரை மணி நேரம் பாறையப் பாத்துக்கிட்டுப் போகலாம். அந்தப் பாதை 1859லயே போட்டது, அக்கரையிலயும் ஒரு லைன் இருக்கு. அங்க சுரங்க வாயிலுக்கெல்லாம் கோட்டை வாசல் கணக்கா கோபுரம் வெச்சிக் கட்டியிருக்காங்க. கோட்டைங்கள்ல சிலது ஒரு காலத்துல ஆத்துல போற படகுங்ககிட்ட சுங்கம் வசூல் பண்ண கட்டினது. கௌப் பக்கத்துல ஒண்ணு ஆத்துக்கு நட்ட நடுவுலயே நிக்குது. அந்தப் பள்ளத்தாக்கு 2002ல யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு, சுமார் 65 கிலோமீட்டர், கோப்லென்ஸ் தாண்டுனா பிங்கன் வரைக்கும் ஆத்துக்குக் குறுக்க ஒரு பாலம் கூட இல்ல, அக்கரை போகணும்னா படகுதான்.

ஆக, சித்தப்பா பாக்கணும்னு போய் பாக்காத இடத்த நாங்க ஜன்னல் ஓரமா உக்காந்து சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் தின்னுக்கிட்டே பாத்தோம். இதச் சொன்னா சித்தப்பா, "நீங்க பாத்த ரயிலாலதான் எனக்கு ராத்திரி தூக்கமே போச்சு"ம்பார். அதுவும் உண்மைதான், ரெண்டு கரையிலயும் ராத்திரி பூரா கூட்ஸ் வண்டி ஓடிக்கிட்டே இருக்கும், ராட்டர்டாம்ல இருந்து இத்தாலி வரைக்கும் போற சரக்குப் பாதை அது. அந்த ஊர்க்காரங்களே சத்தம் தாங்கலன்னு போராட்டமெல்லாம் பண்றாங்க.

ஆனா ரயில்ல ஒரு பெரிய தலைவலி இருக்கு, அது பெட்டி. நம்ம ஆளுங்க பெட்டி எப்படின்னு தெரியுமில்ல, முறுக்கு, பருப்புப் பொடி, ஊறுகாய், தம்பி வீட்டுக்குன்னு ரெண்டு கிலோ ராகி மாவு, ஸ்வெட்டர், எல்லாம் சேந்து ஏர்லைன்ஸ் அனுமதிக்கிற எடைய முட்டிக்கிட்டு நிக்கும். அங்க போர்ட்டர்னு ஒருத்தரையும் பாக்கல. வண்டி நிக்கிறது ரெண்டு மூணு நிமிஷம். கதவு தானா திறக்காது, பட்டன அமுக்கணும். ஒரு ஸ்டேஷன்ல கடைசி நேரத்துல பிளாட்பாரம் மாத்திட்டாங்க, அறிவிப்பு ஜெர்மன்ல, கூட்டம் மொத்தமா படியில இறங்குறதப் பாத்துத்தான் எங்களுக்கே விஷயம் புரிஞ்சுது. லிஃப்ட்டுக்கு முன்னாடி பிள்ளை வண்டியும் சைக்கிளுமா வரிசை. வீட்டுக்காரர் பெரிய பெட்டிய ரெண்டு கையாலயும் பிடிச்சு படியில இறக்குறார், மூணாவது படியிலயே ஒரு சக்கரம் கழண்டு உருண்டு ஓடுது, நான் சின்னப் பெட்டியோட அந்தச் சக்கரத்த துரத்துறேன், காதுல ஹெட்ஃபோன் மாட்டுன ஒரு பையன் எங்கிருந்தோ வந்து பெட்டியோட இன்னொரு பக்கத்தப் பிடிச்சான், ஒரு வார்த்தை பேசல, கீழ இறக்கி, அடுத்த பிளாட்பாரத்துக்கு ஏத்தி விட்டுட்டு அவன் பாட்டுக்கு போயிட்டான். நன்றி சொல்லக்கூட மூச்சு இல்ல எங்களுக்கு.

அதனால யாராச்சும் கப்பலா ரயிலான்னு கேட்டா, எந்த இடம் பாக்கப் போறீங்கன்னு நான் கேக்குறதில்ல. பெட்டிய யார் தூக்குவாங்கன்னு கேக்குறேன். ரைன்ல வேடிக்கை ஒண்ணுதான், ஆத்து நடுவுல இருந்து பாத்தாலும் கரையில இருந்து பாத்தாலும் அதே கோட்டைதான். சித்திக்கு முட்டி வலி. அவங்களுக்கு அந்தக் கப்பல்ல பெட்டிய ஒரு தடவ திறந்து அலமாரியில அடுக்கிட்டா ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் தொட வேண்டியதில்ல (கப்பல் மாத்தினப்போ கூட அவங்களே அடுக்கிக் கொடுத்துட்டாங்களாம்). எந்திரிச்சா டிபன் ரெடி, ரூமுக்குப் போனா படுக்கை விரிச்சிருக்கு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இப்படி சேந்தாப்புல சமையல் ரூம் பக்கம் போகாம இருந்ததே இல்லன்னு சித்தி சொல்றப்போ, கோட்டை பாக்கலன்னா என்னன்னு எனக்கே தோணிச்சு.

ஆனா கப்பல்லயும் படி இருக்குங்க, அத யாரும் வீடியோல காட்டுறதில்ல. துறையில இடம் இல்லன்னா ரெண்டு மூணு கப்பல ஒட்டி ஒட்டிக் கட்டிடுவாங்க. வெளிய போகணும்னா பக்கத்துக் கப்பலோட வரவேற்பறை வழியா போகணும், சில நேரம் மேல்தளத்துக்கு ஏறி இறங்கணும். கூடுதலா காசு கொடுத்து பால்கனி ரூம் எடுத்தவங்களுக்கு எதிர்க்கப்பல்காரன் ரூம்தான் தெரியும். இதுல ஃப்ரெஞ்ச் பால்கனின்னு ஒண்ணு சொல்லுவாங்க, அது பால்கனியே இல்ல, கண்ணாடிக் கதவும் அதுக்கு முன்னாடி ஒரு கம்பியும், சேர் போட்டு உக்கார முடியாது. அப்புறம் ஊர் சுத்திக் காட்ட கைடு வருவாங்க, ஆளுக்கு ஒரு காதுக்கருவி, முன்னாடி நம்பர் போட்ட அட்டைய தூக்கிப் பிடிச்சுக்கிட்டு கைடு நடப்பாங்க. பேசுறது பூரா இங்கிலீஷ். சித்திக்கு ஒண்ணும் புரியல, "நான் அந்த அட்டையப் பாத்துக்கிட்டே நடந்தேன், எந்த ஊர் எந்தச் சர்ச்சுன்னு கேக்காத"ம்பாங்க.

சாப்பாடு விஷயத்துல எனக்கு சந்தேகமே இல்ல, ரயில்தான். கப்பல்ல சைவம்னு சொன்னா தருவாங்க, உருளைக்கிழங்கு, சீஸ், சூப், திரும்ப உருளைக்கிழங்கு. ரயில்ல போறவங்களுக்கு ஸ்டேஷனுக்கு வெளியவே சூப்பர் மார்க்கெட் இருக்கும், தயிர் வாங்கி, ரெண்டு நிமிஷத்துல சுட வைக்கிற பாக்கெட் சாதத்தை தங்குற ரூம்ல சூடு பண்ணி டப்பாவுல பிசைஞ்சு எடுத்துக்கிட்டா மத்தியான சாப்பாடு முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை ஜெர்மனியில கடை எல்லாம் மூடிடுவாங்க, பெரிய ஸ்டேஷனுக்குள்ள உள்ள கடைங்க மட்டும் திறந்திருக்கும். தண்ணி பாட்டில தூக்கிப் போட்டுடாதீங்க, திருப்பிக் கொடுத்தா 25 சென்ட் வரும், வீட்டுக்காரர் அதுல ஒரு காபி காசே சேத்தார்.

டிக்கெட் பத்தி. யூரெய்ல் பாஸ் நம்மளப் போல வெளிநாட்டுக்காரங்களுக்குன்னே உள்ளது, 33 நாட்டுல செல்லும். ஒரு மாசத்துக்குள்ள 4, 5 இல்ல 7 நாள், ரெண்டு மாசத்துக்குள்ள 10 இல்ல 15 நாள்னு எடுத்துக்கலாம், எந்த நாள் வேணுமோ அன்னிக்கு மட்டும் கணக்கு. 60 வயசு தாண்டுனவங்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி. பாஸ் வாங்கிட்டா எல்லாத்துலயும் ஏறிடலாம்னு நினைக்காதீங்க, ஃப்ரான்ஸ் டிஜிவி, இத்தாலி ஸ்பெயின் வேக ரயில், ராத்திரி ரயில் இதுக்கெல்லாம் தனியா சீட் ரிசர்வேஷன் காசு கட்டணும், ஜெர்மனி ஆஸ்திரியா ஸ்விஸ் உள்நாட்டு வண்டிங்கள்ல பெரும்பாலும் அது கட்டாயம் இல்ல. ரெண்டு மூணு தூர ரயில்தான் போகப் போறீங்கன்னா பாஸே வேண்டாம், சில மாசம் முன்னாடியே தனி டிக்கெட் போட்டா ஜெர்மனியில ரொம்ப மலிவு. ஜெர்மன் ரயில் நேரத்துக்கு வரும்னு நம்ம ஊர்ல ஒரு பேச்சு உண்டு, அத மறந்துடுங்க. 2024ல அவங்க தூர ரயில்ல ஆறு நிமிஷத்துக்குள்ள வந்து சேந்தது 62.5 சதவீதம்தான். ஒரே ஆறுதல், ஒரு மணி நேரத்துக்கு மேல லேட்டுன்னா 25 சதவீதமும், ரெண்டு மணி நேரம் தாண்டுனா 50 சதவீதமும் திருப்பித் தரணும்னு ஐரோப்பிய சட்டமே இருக்கு. பொதுவா, வண்டி மாறணும்னா நடுவுல ஒரு முக்கால் மணி நேரமாச்சும் விட்டு வெச்சுக்குங்க.

விசா ரெண்டுக்கும் ஒண்ணுதான், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன். நாங்க போனப்போ 80 யூரோ, 2024 ஜூன்ல இருந்து 90. இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையாம. கப்பல்ல போறவங்க எத்தனை ராத்திரி எந்த நாட்டுலன்னு எண்ணிப் பாத்து, அதிகம் தங்குற நாட்டுக்கு அப்ளை பண்ணணும். டான்யூப்ல புடாபெஸ்ட் தாண்டி கருங்கடல் பக்கம் போற கப்பல்னா நடுவுல செர்பியா வரும், அது ஷெங்கன் இல்ல, மல்டிபிள் என்ட்ரி இல்லன்னா திரும்ப உள்ள வர முடியாம மாட்டிக்குவீங்க.

இப்போ அம்மாவ கூட்டிட்டுப் போகணும்னு வீட்டுல பேச்சு. தம்பி திரும்பவும் கப்பல்தாங்குறான். நான் சொல்றது வேற. கோப்லென்ஸ்லயோ போப்பார்ட்லயோ லிஃப்ட் உள்ள ஒரு வீட்ட மொத்தமா வாடகைக்கு எடுத்துடலாம், பெட்டி அங்கயே கிடக்கட்டும், சமையல் ரூமும் இருக்கும். அங்கிருந்து கைப்பையோட தினம் ஒரு ரயில். கோல்ன் ஒரு மணி நேரம், ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா எதிர்லயே 157 மீட்டர் உயரத்துல கதீட்ரல், அம்மா நடக்கவே வேண்டாம். இன்னொரு நாள் மோசெல் ஆத்தோரமா ட்ரியர், ரோமர்கள் கட்டுன கருப்பு வாசல் பாக்கலாம். ஆத்துல போகணும்னு ஆசை இருந்தா பகல் படகு இருக்கவே இருக்கு, கோல்ன்-டுசல்டார்ஃப் கம்பெனி 1826ல இருந்து ஓட்டுது, ரூடெஸ்ஹைம்ல ஏறி சாங்க்ட் கோவர்ல இறங்குனா பள்ளத்தாக்கோட நல்ல துண்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். ஆறு வடக்க ஓடுது, அதனால இந்தத் திசையில வேகமாப் போகும், எதிர்த்திசையில ஏறுனா நேரம் இழுக்கும். வசந்தத்துல இருந்து அக்டோபர் வரைக்கும்தான் ஓட்டுவாங்க. திரும்ப வர்றது ரயில்ல.

அம்மாகிட்ட இத எல்லாம் விளக்கமா சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அந்த வீட்டுல யார் சமைக்கிறது?"ன்னாங்க. வீட்டுக்காரர் சமைப்பார்னு சொல்லி வெச்சிருக்கேன், அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.